மணல்திட்டில் உடைத்த தேங்காய்

அம்போன் பக்கத்துக் கடலோர ஊரான எங்கள் அமஹேலுவில் சொந்தப் புருஷனைத் தென்னோலையால் கட்டித் தெருத்தெருவாக நடத்திய பெண் ஒருத்திதான். அவள் பெயர் டோர்சிலா. அந்தப் புருஷன் யோப்பி இன்றைக்கும் அவளோடுதான் குடித்தனம் நடத்துகிறார். அவள் சுட்ட மீனைத்தான் தின்கிறார். நாலு பேர் கூடினால் அந்தக் கதையை முதலில் எடுத்துவிடுகிறவரும் அவர்தான்.

டோர்சிலா எங்கள் ஊர்க் கேவாங். தோப்பையும் கடலையும் காவல் காக்கிற பொறுப்பு அது. அவள் அப்பாவுக்கு இருந்தது, அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, பெண்பிள்ளையைக் கேவாங் ஆக்கலாமா என்று பெரியவர்கள் ஆலயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் டோர்சிலா அப்பாவின் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள். வரும்போது, அடுத்தவர் மரவள்ளித் தோட்டத்தில் மேய்ந்த ஆடு ஒன்றையும் பிடித்து வந்தாள். பேசிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவருடைய ஆடுதான் அது. அதோடு பேச்சு முடிந்தது.

யோப்பி அப்படிக் கட்டப்பட்டது ஆலயக் கூரை மாற்றிய வருஷம். கூரைக்காகத் தென்னைக்குச் சாசி போட்டிருந்தோம். சாசி போட்டால் தோப்பு மூடியாயிற்று. திறக்கிற நாள்வரை ஒரு காயிலும் கை வைக்கக் கூடாது. ஞாயிறு ஆராதனையில் ஜெபித்து மூடுவோம், ஜெபித்துத் திறப்போம். திறந்த அன்று ஊரே ஏறிப் பறிக்கும். விற்றுவருவது எதற்காக மூடினோமோ அதற்குப் போகும். நான் ஆலயத்துக் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும், மூடுகிற அன்று சங்கு ஊதுவதும், தோப்பின் நாலு மூலையிலும் குருத்தோலை கட்டிய கம்பு நடுவதும் என் வேலை.

கம்பு நட்டுச் சில வாரம் ஆகியிருக்கும். யோப்பி தோப்பு ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தேங்காய் தின்றுகொண்டிருந்தார். டோர்சிலா வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"தேங்காய்."

"அது தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?"

"வீட்டுல பழசு ஒண்ணு கிடந்துச்சு. சாசிக்கு முந்தினது."

"பழைய தேங்காயிலயா தண்ணி இப்படித் தளும்புது?"

"நான் பத்திரமா வச்சிருந்தேன்ல."

அவ்வளவுதான். பச்சை ஓலையைக் கிழித்துக் கையைக் கட்டினாள். தண்டோராக்காரர் முன்னால் பறை தட்டிக்கொண்டு போக, பின்னால் யோப்பி, "என்னைப்போல செய்யாதீங்க!" என்று கூவிக்கொண்டு நடந்தார். அப்படிக் கூவ வேண்டும் என்பது வழக்கம். ஆனால் ராகம் போட்டுக் கூவ வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. யோப்பி ஆலயப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். அவர் பாடிய பாட்டில் பிள்ளைகள் எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். வீடு வந்ததும் டோர்சிலா கட்டை அவிழ்த்து, காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம்.

"கட்டினது கேவாங். வெந்நீர் வைக்கிறவ பொண்டாட்டி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாளாம்.

யோப்பி அன்றைக்குச் சொன்ன பொய்யை அவள் மறக்கவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் விதை அதுதான்.

எங்கள் ஊரில் மழை நின்றுபோனால் கடலோரக் கிணறு உப்புத் தட்டிவிடும். பெண்கள் மலைச் சரிவில் ஏறி ஊற்றுத் தண்ணீரைத் தலைமேல் கொண்டு வருவார்கள். அந்த ஊற்றிலிருந்து குழாய் இறக்கித் தர ஒரு அமைப்பு முன்வந்தது. அதிலிருந்து எண்டாங் என்று ஒரு ஜாவாப் பெண் வந்தாள். நல்ல பிள்ளை. படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாள். எடுத்து முடித்ததும், "சரி, வேலையைப் பார்ப்போம்" என்று சிரிப்பாள். பாப்பேடா என்கிற எங்கள் பசைக் கூழைக் குச்சியில் சுருட்டி எடுக்க அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. பாதி கூழ் அவள் சட்டையில்தான் இருக்கும்.

குழாய் அமைப்பின் பங்கு. சிமெண்டும், வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடும் ஊர்ப் பங்கு. மாதாமாதம் வீட்டுக்கு வீடு வசூலிக்கலாம் என்று கூட்டத்தில் எண்டாங் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினோம். யாரும் கொடுக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர் எங்கள் ஊரில் வாத்தியாரும் போதகரும்தானே.

அடுத்த கூட்டத்தில் எண்டாங் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் கேட்ட கேள்வியே தப்போ என்னமோ. ஆலயக் கூரை புதுசா இருக்கே, அதை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

எல்லாரும் யோப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். டோர்சிலாதான் பதில் சொன்னாள். "மூடினோம். அப்புறம் திறந்தோம்."

"அப்ப இதுக்கும் மூடலாமா?"

ஊர்த்தலைவரை நாங்கள் ராஜா என்போம். அவர் போதகரைப் பார்த்தார். போதகர் டோர்சிலாவைப் பார்த்தார். அவளுக்கு அப்போதே கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது.

மூடும் வார்த்தைகளைக் கேவாங் சொல்ல வேண்டும், போதகர் பீடத்தில் நின்று வாசிப்பார். வழக்கமாக, சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் கேட்டு வாங்கிப் பறித்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. டோர்சிலா அதை எடுத்துவிடச் சொன்னாள். "தேங்காய் கிடைக்கும்னா இந்த ஊர்ல தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் துக்கம் வந்துடும் ஐயா" என்றாள். அதோடு விடவில்லை. "பறிக்கக் கூடாது, பொறுக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னா, வீட்டுல பழசு கிடந்துச்சும்பாங்க. அமஹேலு மண்ணுல தேங்காய் உடைக்கவே கூடாதுன்னு போடுங்க. இருக்கிறதை இந்த வாரமே உடைச்சு எண்ணெய் காய்ச்சிக்கட்டும்."

யோப்பி பக்கத்தில் இருந்தார். "ஒரு மனுஷனுக்காக ஒரு சட்டமா?" என்றார் பெருமையாக.

அப்படியே ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. பறிக்கவும் கூடாது, பொறுக்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது. பிறந்தாலும் மணந்தாலும் இறந்தாலும் கூடாது. ராஜாவானாலும் போதகரானாலும் கூடாது. நாங்கள் ஆமென் சொன்னோம். நான் சங்கு ஊதினேன்.

சாசி பாதி ஓடியிருக்கும். டோர்சிலாவின் மகள் லெவினா அம்போன் நகரத்திலிருந்து போன் செய்தாள். அவளுக்கும் சபாருவாத் தீவுப் பையன் நூஸுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அவன் கப்பலில் வேலை பார்க்கிறவன். வருஷக் கடைசியில் கல்யாணம் என்று பேச்சு. இப்போது கப்பல் வேறு பாதைக்குப் போகிறது, அடுத்த மாதம் விட்டால் இரண்டு வருஷம் கழித்துத்தான் இறங்க முடியும் என்றானாம். அடுத்த மாதமே கல்யாணம்.

அடுத்த மாதம் சாசி திறக்காது.

தேங்காய் இல்லாமல் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு உண்டா? தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், துருவல் போட்ட பலகாரம். சபாருவாச் சம்பந்திகளை வரவழைத்து, நீண்ட வெள்ளைத் துணி விரித்து, வெறும் சுட்ட மீனையும் அவித்த கிழங்கையும் வைத்தால், பெண்ணைப் பிடிக்காமல் அனுப்புகிறோம் என்றுதான் நினைப்பார்கள். கெனாரிக் கொட்டையை இடித்துப் பாலெடுக்கலாம் என்றால் அது உதிர்கிற காலமும் இல்லை.

ராஜாவே டோர்சிலா வீட்டுக்கு வந்தார். "ஊர்ல யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கம்மா. ஒரு நாளைக்கு மட்டும் ஒரு மூலையைத் திறந்துக்கலாம். நான் பெரியவங்ககிட்ட பேசுறேன்."

"என் மகளுக்குத் திறந்தா, நாளைக்கு யார் மகளுக்கு மூடுவேன் ராஜா? அப்புறம் சிமெண்டு எங்கேருந்து வரும்? குழாய் மலைமேலயே கிடந்து துருப்பிடிக்கும்."

பக்கத்து வீட்டு அப்போலோனியாவுக்கு டோர்சிலாவோடு சின்ன வயதிலிருந்தே போட்டி. அவள் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள். "அடியே, உன் சாசி உன்னையே கட்டிப்போட்டுச்சு பாத்தியா? யார்டி இப்ப உன்னைத் தெருவுல நடத்துறது?"

"நீயே நடத்துடி. யோப்பி பாடுவாரு."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு வேறாக இருந்தது. அந்த வாரம் அவள் ஆலயத்துக்குப் பகலில் தனியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணே, நான் நியாயமாப் போட்டேனா, இல்லை ஆங்காரமாப் போட்டேனா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. ஆனா நானும் ஆமென்னு சொன்னேனே" என்றேன்.

கொஞ்சம் சிரித்தாள். ஒரே மகள் அவளுக்கு.

யோப்பி ஒரு வழி சொன்னார். "நான் ராத்திரி போய் எடுத்துட்டு வர்றேன். மாட்டிக்கிட்டா நடந்துடறேன். எனக்குத்தான் பழக்கமாச்சே." அவள் அகப்பையைத் தூக்கியதும் அவர் வெளியே ஓடிவிட்டார்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஹாத்துலேசி ஊர். அவர்கள் மசூதிக்காரர்கள், நாங்கள் ஆலயத்துக்காரர்கள். ஆனால் இரண்டு ஊரும் பேலா. முன்னோர் ஒரே கிண்ணத்தில் குடித்துச் சத்தியம் செய்ததால் உடன்பிறந்தவர்கள் ஆனோம். பேலா கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. பேலா கொண்டு வந்தால் வேண்டாம் என்று திருப்பவும் கூடாது. அதனாலேயே லேசில் கேட்க மாட்டோம். எங்கள் ஆலயத்து உத்தரம் அவர்கள் காட்டு மரம். அவர்கள் மசூதித் தரைக்கு மணல் சுமந்தது எங்கள் பெண்கள். ஊருக்காக ஊர் கேட்கும். தன் வீட்டு விசேஷத்துக்குப் பேலாவைக் கேட்பது கேவாங்குக்கு அழகில்லை என்று டோர்சிலா வாயைத் திறக்கவில்லை.

எண்டாங் திறந்துவிட்டாள். ஹாத்துலேசியிலும் அவளுக்கு ஏதோ வேலை இருந்தது. அங்கே ஹாவா என்ற அம்மாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "பாவம், தேங்காய் இல்லாம கல்யாணம் நடக்கப்போகுது" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். ஹாவா அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாளாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கடற்கரையில் பறைச்சத்தம் கேட்டது. ஹாத்துலேசிப் படகுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் விளிம்புவரை தேங்காய். முதல் படகின் முனையில் ஹாவா அம்மாள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள், கையில் துருவுபலகை.

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் டோர்சிலா ஓடினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்தாள்.

"நில்லுங்க பேலா! கரையேத்தாதீங்க!"

"என்ன பேலா, கல்யாண வீட்டுல வரவேற்பு இதுதானா?" என்றாள் ஹாவா.

"சாசி இருக்கு. எங்க மண்ணுல தேங்காய் உடைக்கக் கூடாது."

"இது உங்க தேங்காய் இல்லியே. எங்க மரத்துது."

"எந்த மரத்துதா இருந்தாலும்தான். அப்படித்தான் வாசிச்சிருக்கு."

"யார் அப்படி வாசிக்கச் சொன்னது?"

கரையிலிருந்து அப்போலோனியா சொன்னாள். "அவளேதான்!"

ஹாவா அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "சரி. பேலா கொண்டுவந்ததைப் பேலா திருப்பி அனுப்புறாளா? அதையும் சொல்லிடு. நான் எங்க ஊர்ல போய்ச் சொல்லணும்ல?"

இறக்கி உடைத்தால் ஆலயத்தில் ஜெபித்து மூடியதை உடைத்தது ஆகும். திருப்பினால் முன்னோர் சத்தியத்தை உடைத்தது ஆகும். ராஜா தாடையைத் தடவினார். போதகர், "இரண்டுமே சத்தியம்தான்" என்று மெதுவாகச் சொன்னார், அதனால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை. எண்டாங் முகம் வெளுத்து, "எல்லாம் என் வாயால வந்தது" என்றாள். படகில் ஏறாமலேயே அன்றைக்கு அவளுக்கு வாந்தி வரும்போல இருந்தது. டோர்சிலா தண்ணீரில் நின்றபடியே நின்றாள். அவள் கைகள் இன்னும் விரித்தே இருந்தன.

அப்போது யோப்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேட்டித் துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் நின்றார்.

"கேவாங், ஒரு சந்தேகம்."

"இப்பவா உங்க சந்தேகம்?"

"தொழில் சம்பந்தமான சந்தேகம். அன்னிக்கு நான் அந்தத் தேங்காயைத் தோப்போரத்துல உடைக்காம, அதோ அந்த மணல்திட்டுல போய் உடைச்சுத் தின்னிருந்தா, என்னைக் கட்டியிருப்பியா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இரண்டு ஊருக்கும் நடுவில், வற்றம் வந்தால் ஒரு மணல்திட்டு முதுகு காட்டும். ஏற்றம் வந்தால் மறைந்துவிடும். அது எங்கள் மண்ணும் இல்லை, அவர்கள் மண்ணும் இல்லை. முன்னோர் சத்தியம் குடித்தது அங்கேதான் என்று சொல்வார்கள்.

டோர்சிலா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், புருஷனுக்காகவோ மகளுக்காகவோ இல்லை.

"நம்ம தோப்புக் காயைப் பறிச்சதுக்காகக் கட்டியிருப்பேன்."

"பறிக்கலைன்னு வச்சுக்க. வேற ஊர்க் காய்."

"அப்படின்னா கட்ட முடியாது. அங்க எனக்கு அதிகாரம் இல்ல."

"பேலா கொடுத்ததை அங்க வாங்கிக்கலாமா?"

அவள் போதகரைப் பார்த்தாள். போதகர் ராஜாவைப் பார்த்தார். ராஜா ஹாவா அம்மாளைப் பார்த்தார். ஹாவா அம்மாள் ஏற்கெனவே படகைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பால் மட்டும் கரைக்கு வரலாம்ல?" என்று கத்தினாள்.

"பாலை யாரும் உடைக்க முடியாதே!" என்று டோர்சிலா கத்தினாள். அவள் கை அப்போதுதான் கீழே இறங்கியது.

அந்தக் காலையைப்போல ஒரு காலையை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் படகெல்லாம் பானையும் அண்டாவும் துருவுபலகையுமாக மணல்திட்டுக்குப் போயின. இரண்டு ஊர்ப் பெண்களும் ஈர மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யோப்பி உடைத்தார். ஊரறிய, கேவாங் கண்முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக அனுமதியோடு உடைத்தார். ஒவ்வொரு காய்க்கும், "என்னைப்போல செய்யுங்க!" என்று ராகம் போட்டார். அப்போலோனியாவும் ஹாவா அம்மாளும் யார் வேகமாகத் துருவுகிறார்கள் என்று பந்தயம் வைத்துக்கொண்டார்கள். எண்டாங் துருவி, விரலைத் துருவிக்கொண்டு, பிறகு பால் பிழிகிற பக்கம் மாற்றப்பட்டாள்.

ஏற்றம் தொடங்கிவிட்டது. கால்விரலில் தண்ணீர் பட்டது, பிறகு கணுக்காலில். "சீக்கிரம் பிழிங்கடி, கடல் வந்து பங்கு கேக்குது!" என்று ஹாவா அம்மாள் சத்தம் போட்டாள். சக்கையைத் தண்ணீரில் போட்டதும் மீன்கள் கூட்டமாக வந்து எங்கள் காலைக் கடித்தன. பிள்ளைகள் அதில் கொஞ்சத்தைக் கூடையால் அள்ளினார்கள், அதுவும் கல்யாணக் குழம்புக்குத்தான் போனது. கடைசி அண்டாவைப் படகில் ஏற்றும்போது மணல்திட்டே காணவில்லை. இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு டோர்சிலா ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஹாத்துலேசிப் படகில் போட்டாள். ஒரு சிரட்டைகூட அமஹேலுக் கரையில் ஒதுங்கக் கூடாதாம்.

கல்யாணம் கர்த்தர் கிருபையால் நன்றாக நடந்தது. சபாருவாச் சம்பந்திகள் மூன்று முறை சோறு கேட்டார்கள். "பால்ல ஏதோ தனி ருசி இருக்கே" என்றார் நூஸின் அப்பா. கடல் தண்ணீர் கொஞ்சம் தெறித்திருக்கும் என்று நினைக்கிறேன், நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கென்று யோப்பி ஒரு பன்றி வளர்த்து வந்தார். பேலாக்கள் விருந்துக்கு உட்கார்ந்ததால் எல்லாம் மீனாகவே போயிற்று, புதுப் பானையில், தனி அடுப்பில். பன்றி பிழைத்தது. எங்கள் ஊரிலேயே பேலா உறவுக்கு அதிகம் நன்றி சொல்ல வேண்டியது அந்தப் பன்றிதான் என்று யோப்பி சொல்வார்.

சாசி, சொன்ன நாளில்தான் திறந்தது. சிமெண்டு வந்தது. குழி வெட்ட ஹாத்துலேசிக்காரர்கள் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்தார்கள். ஊற்றுத் தண்ணீர் ஆலயத்துக்குப் பக்கத்துக் குழாயில் முதலில் துப்பி, இருமி, பிறகு சீராக விழுந்தபோது நான் மணி அடித்தேன். டோர்சிலா முதல் குடத்தைப் பிடித்து அப்போலோனியா இடுப்பில் வைத்தாள். "இந்தா, இனிமே வேலிக்கு மேல எட்டிப் பார்க்க நேரம் நிறையக் கிடைக்கும்" என்றாள்.

எண்டாங் ஊரைவிட்டுப் போகும்போது, அடுத்த சாசியிலாவது கல்யாணத்துக்கு விலக்குப் போடுவீர்களா என்று கேட்டாள். போதகரும் அதையே கேட்டார்.

"ஒரு வார்த்தையும் மாத்த வேண்டாம் ஐயா" என்றாள் டோர்சிலா. "விலக்கு இருந்திருந்தா பேலா வந்திருப்பாங்களா?"

போன வருஷம் ஹாத்துலேசிக்காரர்கள் மசூதியில் பிள்ளைகள் ஓத ஓர் அறை கட்டத் தங்கள் தோப்பை மூடினார்கள். மூடும் வார்த்தையில், தங்கள் மண்ணில் தேங்காய் உடைக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் முன்பு இருந்ததே இல்லை. பிறகு பார்த்தால், ஹாவா அம்மாளின் கடைசி மகன் கல்யாணம் சரியாக அந்தச் சாசிக்குள் வந்தது.

நாங்கள் கேட்டுக் காத்திருக்கவில்லை. படகில் தேங்காயை நிரப்பினோம். முதல் படகின் முனையில் டோர்சிலா துருவுபலகையோடு நின்றாள், பக்கத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டு யோப்பி. ஹாத்துலேசிக் கரையை நெருங்கும்போது, ஹாவா அம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோள் குலுங்கியது.

"நில்லுங்க பேலா! கரையேத்தாதீங்க!"